அரை நூல் தேய்த்தால் போதும்

பெரம்பலூருக்கு இன்னும் ரயில் வரவில்லை. ரயிலேற வேண்டியவர்கள் அரியலூருக்குப் போகிறார்கள். இசைக்கருவி வாங்க வேண்டியவர்கள், பெரம்பலூர்க்காரர்களானாலும் அரியலூர்க்காரர்களானாலும், திருச்சிக்குப் பஸ் ஏறுகிறார்கள். அரியலூரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் அக்கா மகள் எங்கும் போகவில்லை. கட்டிலில் படுத்தபடியே போனில் ஒரு யூகுலேலே வாங்கிவிட்டாள். நான்கு நைலான் நரம்பு, இருபத்து மூன்று அங்குல நீளம், பார்வைக்குக் கிட்டாரின் கைக்குழந்தை. விலை ஆயிரத்து எண்ணூறு ரூபாய். படத்துக்குக் கீழே, முழுக்கக் கையால் செய்தது என்று போட்டிருந்தது.

கையால் செய்த ஒன்று ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு எப்படி வரும்? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல அந்தக் கருவி வந்த வழியைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அது கொஞ்சம் நீளமான வழி.

அட்லாண்டிக் கடலில் போர்ச்சுகலுக்குச் சொந்தமான மதீரா என்றொரு தீவு. 1879 ஏப்ரலில் அங்கிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் நானூற்றுக்கும் மேற்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி, பசிபிக்கைக் கடந்து, ஆகஸ்ட் 23 அன்று ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலு துறைமுகத்தைச் சேர்ந்தது. வந்தவர்கள் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளும் அவர்கள் குடும்பத்தாரும். அதே ஆண்டு மே மாதம்தான் கல்கத்தாவிலிருந்து லியோனிடாஸ் என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை பிஜித் தீவில் கொண்டுபோய் இறக்கியது. தமிழர்களும் பின்னால் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடினார். எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் பெரம்பலூர்க்காரர்களுக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

ரேவன்ஸ்கிராக்கில் வந்தவர்களில் மூன்று பேர் தச்சர்கள்: மானுவல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சான்டோ. மேசை நாற்காலி செய்யும் கையால் இசைக்கருவியும் செய்யத் தெரிந்தவர்கள். மதீராவில் மஷேட் என்ற நான்கு நரம்புச் சிறு கிட்டாரும், ரஜாவ் என்ற ஐந்து நரம்புக் கருவியும் வழக்கத்தில் இருந்தன. கரும்புத் தோட்டத்து வேலையிலிருந்து விடுபட்டதும் மூவரும் ஹோனலூலுவில் தச்சுக் கடை போட்டார்கள். மஷேட்டின் உடலை வைத்துக்கொண்டார்கள். சுருதி சேர்க்கும் முறையை ரஜாவிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். மரத்துக்கு உள்ளூர்க் கோவா மரத்தைப் பிடித்தார்கள். கோவா நம் கருவேலத்துக்குத் தூரத்து உறவு. பாலீஷ் போட்டால் பொன்னிறத்தில் நெளிநெளியாக ரேகை தெரியும். இப்படிப் பிறந்ததுதான் யூகுலேலே. ஹவாயின் கலாகாவா மன்னருக்கு அது பிடித்துப்போனது. அரண்மனை விழாக்களில் ஹூலா நடனத்துக்குப் பக்கவாத்தியமானது. அரசர் தொட்டதால் ஊரும் தொட்டது.

அதாவது, யூகுலேலே பிறந்ததே தச்சுப்பட்டறையில்தான். இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் அரும்பாவூர் வரும்போது உதவும்.

1915-இல் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஹவாய் அரங்கில் வாசித்த யூகுலேலேவைக் கேட்டு அமெரிக்கா முழுக்கப் பித்துப் பிடித்தது. ஹவாய்த் தச்சர்கள் எத்தனை செய்தாலும் போதவில்லை. சியர்ஸ் போன்ற தபால் வணிக நிறுவனங்கள் தடித்த விலைப்பட்டியல் புத்தகம் அச்சிட்டு, கிராமத்து அமெரிக்கர்களுக்கு மலிவு விலையில் யூகுலேலேவைப் பார்சலில் அனுப்பின. 1916-இல் சியர்ஸ், சிகாகோவில் ஹார்மனி என்ற கருவித் தொழிற்சாலையையே விலைக்கு வாங்கிக்கொண்டது. கண்ணால் பார்க்காமல், வாசித்துப் பார்க்காமல், படத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டும் பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. என் அக்கா மகள் செய்ததும் அதைத்தான். புத்தகத்துக்குப் பதில் போன், அவ்வளவே.

ஹவாய் இசை கல்கத்தாவுக்கும் வந்தது. 1940-களில் டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார், சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற கார்னி நைஸ் 'அலோஹா பாய்ஸ்' குழுவோடு ஹவாய் இசையை அந்த ஊரில் பரப்பினார். பிறகு ஹவாயன் கிட்டார் வங்காளிகளின் வீட்டுக் கருவியாகவே ஆகி, மடியில் கிடத்தி ரவீந்திர சங்கீதம் வாசிக்கும் அளவுக்குப் போனது. வாசிப்பவர்கள் பெருகினால் செய்பவர்களும் பெருகத்தானே வேண்டும்? ரவீந்திர சரணிப் பக்கம் சிதாரும் ஆர்மோனியமும் செய்துகொண்டிருந்த ஊரில் கிட்டார்ப் பட்டறைகள் முளைத்தன. இந்தியாவில் மலிவு விலைக் கிட்டார் என்றால் கொல்கத்தா என்று இன்றும் சொல்வதற்கு அதுதான் காரணம். 1993-இல் இஸ்ரேல் கமாகாவிவோஓலே என்ற ஹவாய்ப் பாடகரின் ஆல்பம் வந்து, உலகம் மறுபடியும் யூகுலேலே பக்கம் திரும்பியது. யூடியூப் வந்ததும் நான்கு கோர்டு, அதாவது நான்கு விரல் பிடி, தெரிந்தால் பாட்டு வாசிக்கலாம் என்று பிள்ளைகளுக்குத் தைரியம் வந்தது. கிட்டார் செய்த பட்டறைகள் யூகுலேலேவையும் செய்ய ஆரம்பித்தன. அரியலூருக்கு வந்த பெட்டியின் மேலும் கொல்கத்தா முகவரிதான் ஒட்டியிருந்தது.

இப்போது கைக்கு வருவோம். யூகுலேலேயில் கை வேலை உண்மையிலேயே நிறைய இருக்கிறது. பக்கவாட்டுப் பலகையை நனைத்து, சூடான இரும்பில் வைத்து இடுப்பு வளைவுக்கு வளைக்க வேண்டும். உள்ளே ஓரமாகச் சிறு சட்டங்கள் ஒட்டி, மேல் பலகையையும் அடிப் பலகையையும் அவற்றின் மேல் இறுக்கிக் காய வைக்க வேண்டும். கழுத்தைச் செதுக்கிப் பொருத்த வேண்டும். தேய்க்க வேண்டும், பாலீஷ் அடிக்க வேண்டும்.

கழுத்தின் குறுக்கே பதிக்கும் மெட்டுகளுக்கு மட்டும் கணக்கு இருக்கிறது. நட் என்னும் மேல் பட்டையிலிருந்து குதிரை வரை நரம்பின் நீளத்தை அளந்து 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது மெட்டு. நரம்பு நீளம் 380 மில்லிமீட்டர் என்றால் முதல் மெட்டு 21.3 மில்லிமீட்டரில் வரும். இப்படியே போனால் பன்னிரண்டாவது மெட்டு மிகச் சரியாகப் பாதியில், 190-இல் வந்து நிற்கும். ஒரு அச்சுப் பலகை செய்து வைத்துக்கொண்டால் போதும். ரம்பம் அதே இடத்தில் ஆயிரம் முறை அறுக்கும். மலிவு யூகுலேலேயில் மெட்டு இடம் மாறியிருப்பது அபூர்வம். குறை வேறு இடத்தில் இருக்கும்.

மரத்திலும் குறை சொல்ல முடியாது. அது கோவா அல்ல, மெல்லிய பிளைவுட். பிளைவுட் என்றதும் முகம் சுளிப்பவர்கள் சித்திரை மாதம் அரியலூருக்கு வந்து பார்க்க வேண்டும். மரம் ஈரத்தைக் குடித்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் ரேகை போகும் நீளத்தில் இல்லாமல் குறுக்கு வாட்டத்தில். கங்கைக் கரையின் ஈரக் காற்றில் ஒட்டிய கருவி, சிமென்ட் லாரி ஓடும் அரியலூரின் உலர் வெயிலுக்கு வந்தால், கெட்டிப் பலகை வெடித்துக்கூடப் போகலாம். பிளைவுட்டில் ஒவ்வொரு தாளும் அடுத்ததற்குக் குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நாதம் சற்றுக் குறையும், ஆனால் தாங்கும். மரம் அசைவதை அடியோடு நிறுத்த வேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் பதினெட்டு மீட்டர் மரம் மாதிரி கல்லாகிவிட வேண்டும். அந்த மரத்துக்கு வயது பன்னிரண்டு கோடி ஆண்டு.

பெட்டி வந்த வழியைப் போனில் பார்த்துக்கொண்டே இருந்தாள் அவள். கொல்கத்தா, சென்னை, பிறகு திருச்சி. சென்னையிலிருந்து தேசிய நெடுஞ்சாலையில் வந்த லாரி பெரம்பலூரைத் தாண்டித் திருச்சிக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து பெட்டி வேறு வண்டியில் ஏறி வடகிழக்கே அரியலூருக்குத் திரும்பியது. பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். கடைசியில் ஒரு பையன் பைக்கில் கொண்டுவந்து, ஓடிபி கேட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனான்.

பிரித்த அன்றைக்கே அழுகை. சுருதி சேர்த்தால் சற்று நேரத்தில் இறங்கிவிடுகிறதாம். அது குறை இல்லை. புது நைலான் நரம்பு இழுபட இழுபட நீண்டுகொண்டே போகும். சில நாள் திரும்பத் திரும்ப ஏற்றினால் நின்றுவிடும். நின்றது. ஆனால் அதன் பிறகும் நாதம் கசந்தது. நரம்பை வெறுமனே மீட்டினால் சரியாக இருக்கிறது. முதல் மெட்டில் விரல் வைத்து அழுத்தினால் சுருதி மேலே ஏறிவிடுகிறது. கோர்டு பிடித்தால் நான்கு நரம்பும் நான்கு திசையில் நிற்கிறது. விரல் நுனி சிவந்து வலிக்கிறது. கழுத்து ஓரமாகக் கையை ஓட்டினால் மெட்டுக் கம்பிகளின் முனை பிறாண்டுகிறது.

"எனக்குக் காதே இல்லை போல மாமா" என்றாள்.

அவள் காதில் கோளாறு இல்லை. நட் பட்டையில் நரம்பு உட்காரும் காடி ஆழமாக வெட்டப்படவில்லை. அங்கே நரம்பு உயரமாக நின்றால், முதல் மெட்டைத் தொட விரல் அதை அதிகம் கீழே இழுக்க வேண்டியிருக்கிறது. இழுத்தால் இறுகும், இறுகினால் சுருதி ஏறும். குதிரைப் பக்கமும் அதே கதை. பன்னிரண்டாவது மெட்டுக்கும் நரம்புக்கும் இடையில் மூன்று ஏடிஎம் கார்டை அடுக்கி நுழைத்தால் இடைவெளி நிரம்ப வேண்டும். ஒரு கார்டு முக்கால் மில்லிமீட்டர் கனம். அவளுடையதில் நான்கு கார்டு நுழைந்தது. மெட்டு முனை பிறாண்டியதற்குக் காரணம் அரியலூர் வெயில்: கழுத்துப் பலகை குறுக்கே சுருங்கிவிட்டது, கம்பி சுருங்கவில்லை.

ஆயிரத்து எண்ணூறு ரூபாய் எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. மரத்தில் மிச்சம் பிடித்தது கொஞ்சம். பெரிய மிச்சம் கடைசி அரை மணி நேர வேலையில். ஒவ்வொரு கருவியாகக் கையில் எடுத்து, நரம்பு ஏற்றி, வாசித்துப் பார்த்து, காடியை அரத்தால் ஆழமாக்கி, குதிரையின் வெள்ளைப் பட்டையைத் தேய்த்து, மெட்டு முனைகளை உருட்டி அனுப்பும் வேலை அது. அச்சுப் பலகை வைத்துச் செய்ய முடியாது. காதும் கண்ணும் விரலும் வேண்டும், அவசரமும் கூடாது. நாளைக்கு இத்தனை உருப்படி என்று ஓடும் பட்டறையில் முதலில் வெட்டுப்படுவது இதுதான். காடியை ஆழமாக வெட்டிவிட்டால் நரம்பு மெட்டில் உரசி இரையும், சரக்கு திரும்பி வரும். உயரமாக விட்டுவிட்டால் இரையாது. வாசிப்பவருக்கு விரல் வலிக்கும், சுருதி பிசகும், பழி வாசிப்பவர் காதின் மேல் விழும். அதனால் பட்டறைக்காரர் உயரமாகவே விட்டுவிடுகிறார்.

கொள்ளிடத்தைத் தாண்டினால் தஞ்சாவூர். அங்கே வீணை செய்கிறார்கள்; 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கருவி. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரத்தைக் குடைந்து, குடமும் தண்டியும் யாளி முகமும் செய்வது ஒரு வேலை. அதற்குப் பிறகுதான் முக்கியமான வேலை: தேன்மெழுகும் கரிப்பொடியும் கலந்து தண்டியின் மேல் இரண்டு வரிசையாக ஏற்றி, அதில் இருபத்து நான்கு மெட்டையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக் கேட்டுப் பதிப்பது. சில ஆண்டுகளில் மெழுகு தளரும், மெட்டு தேயும். மறுபடி மெழுகை உருக்கிப் பதிக்க வேண்டும். வீணை வாங்குகிறவருக்கு இது முன்பே தெரியும். கருவியோடு ஒரு கைவினைஞரையும் சேர்த்துத்தான் அவர் வாங்குகிறார். மதீராத் தச்சரிடம் வாங்கிய ஹோனலூலுக்காரரும் நரம்பு இரைந்தால் அதே கடைக்கு நடந்து போயிருப்பார். பார்சலில் வாங்கும்போது அந்த ஆள் கழன்றுவிடுகிறார். கருவி மட்டும் வருகிறது, முக்கால் வேலை முடிந்த நிலையில்.

திருப்பி அனுப்பலாம் என்றாள். அனுப்பினால் அடுத்து வருவதும் அதே பட்டறையின் அதே உயரத்தோடுதான் வரும். அப்போதுதான் அரும்பாவூர் நினைவுக்கு வந்தது.

பெரம்பலூர் மாவட்டத்தில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது அரும்பாவூர். கோயில் தேர்களுக்கான சிற்பங்கள், சாமி வாகனங்கள், சாமி சிலைகள் எல்லாம் மரத்தில் செதுக்கும் ஊர். 2020-இல் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒட்டுப் போடாமல் ஒரே கட்டையில் உருவத்தை எடுப்பது இங்கத்தியக் கைகளின் பெருமை. யூகுலேலேவை உறையோடு எடுத்துக்கொண்டு அவளும் நானும் போனபோது, எனக்குப் பழக்கமான சிற்பி ஒருவர் கூரைக்குக் கீழே யாளி ஒன்றின் பல்வரிசையில் உளி வைத்துக் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டிருந்தார். கீழே சுருள் சுருளாக மரச் சீவல்.

வாங்கி ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் மேல் பலகையைத் தட்டினார். ஓட்டைக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"பிளைவுட்டு. ஆனா உள்ளாற ஒட்டு சுத்தமா போட்டிருக்கான், கை தெரிஞ்சவன்தான்" என்றார். "எனக்குச் சுதி தெரியாது பாப்பா. உசரம் தெரியும். எவ்வளவு எறங்கணும் சொல்லு."

அவள் நான்கு கார்டை நுழைத்துக் காட்டி, ஒன்றை உருவி, இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்றாள். அவர் கார்டின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"கால் நூலு. நடுவுல கால் நூலு எறங்கணும்னா, கடைசியில அரை நூலு தேய்க்கணும்."

தச்சர் கணக்கில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பன்னிரண்டாவது மெட்டு நரம்பின் நட்டநடுவில் இருப்பதால், குதிரையில் எடுப்பதில் பாதிதான் அங்கே இறங்கும். கிட்டார் செய்வோர் கையேடுகளில் படத்தோடு விளக்கும் விஷயம் இது. அவர் யாளியைப் பார்த்தபடியே சொல்லிவிட்டார்.

நரம்பைத் தளர்த்தி, குதிரையிலிருந்த வெள்ளைப் பட்டையை உருவினார். பென்சிலால் அதன் அடியில் கோடு கிழித்தார். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, பட்டையை நிமிர்த்திப் பிடித்து ஒரே சீராகத் தேய்த்தார். தேய்ப்பது எப்போதும் அடிப்பக்கத்தில்தான், மேல் வளைவைத் தொடவில்லை. கோடு மறையும்போது நிறுத்தினார். பிறகு சன்னமான அரத்தை எடுத்து, நட் பட்டையின் நான்கு காடிகளையும் ஒவ்வொன்றாக இரண்டு இழுப்பு, நரம்பைப் போட்டுப் பார்ப்பது, மறுபடி ஒரு இழுப்பு என்று இறக்கினார். இந்த இடத்தில்தான் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அவள் முதல் மெட்டை அழுத்தி மீட்டுவாள், போன் திரையில் முள் எங்கே நிற்கிறது என்று சொல்வாள், அவர் ஒரு இழுப்பு இழுப்பார். மீட்டுவாள், சொல்வாள், இழுப்பார். முள் நடுவுக்கு வந்ததும் அரத்தைக் கீழே வைத்தார். கடைசியாகக் கழுத்தின் இரு ஓரமும் அரத்தைச் சாய்த்து ஓட்டி மெட்டு முனைகளை மழுக்கினார். நரம்பு ஏற்றி அவள் ஒரு கோர்டு பிடித்தாள். நான்கும் ஒன்றாக நின்றது.

என்ன கொடுக்க என்று கேட்டேன். "நூறு ரூவா குடுங்க சார்" என்றார். சும்மா கொண்டுபோங்கள் என்று சொல்லாமல் கூலி கேட்டது எனக்குப் பிடித்தது. அது வேலைதான், அன்பளிப்பு இல்லை.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் இப்போது யூகுலேலே வைத்திருக்கும் பிள்ளைகள் அங்கங்கே இருக்கிறார்கள். விரல் வலிக்கிறது, சுருதி சேரவில்லை என்று பரண் மேல் போட்டுவிட்ட பிள்ளைகளும் இருப்பார்கள். அந்தக் கருவிகளில் பலவற்றுக்கு அரை மணி நேர அரவேலைதான் பாக்கி. அதைச் செய்யத் தெரிந்த கை பெரம்பலூர் மாவட்டத்திலேயே வாகனமும் யாளியும் செதுக்கிக்கொண்டிருக்கிறது. ஒருவருக்கு மற்றவரைத் தெரியாது என்பதுதான் சங்கடம். தச்சர் இல்லாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. எவ்வளவு இறங்க வேண்டும் என்று அளவு சொல்லத் தெரிந்தால், யூகுலேலேவைப் பார்த்தே இராத ஆசாரியும் இதைச் செய்துவிடுவார்.

ஆகவே மலிவு யூகுலேலே வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. வந்ததும் சில நாள் நரம்பு இழுபட விடுங்கள். பிறகு முதல் மெட்டையும் பன்னிரண்டாவது மெட்டையும் சோதியுங்கள். கழுத்து வளைந்திருந்தாலோ, மெட்டே இடம் மாறியிருந்தாலோ, குதிரை பெயர்ந்திருந்தாலோ மறுபேச்சில்லாமல் திருப்பி அனுப்புங்கள். அதை எந்த ஆசாரியாலும் லேசில் சரிசெய்ய முடியாது. உயரம் மட்டும்தான் குறை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா மகள் வாங்கிய யூகுலேலேவின் விலை ஆயிரத்து எண்ணூறு அல்ல, ஆயிரத்துத் தொள்ளாயிரம். கடைக்காரர் கணக்கில் விட்டுப்போன அந்த நூறு ரூபாய், போக வேண்டிய கைக்குத்தான் போயிருக்கிறது.